விரத நாளில் எடுத்த ரத்தம்

கம்பிப் பாலத் தோட்டத்து முச்சந்தியில், இரண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே அர்ச்சுனனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளை இல்லை, படத்தை. ஆள் உயரத்தைவிடப் பெரிய பதாகை. கழுத்தில் மாலை, கையில் ஒரு பாகற்காய், வாய் கொள்ளாத சிரிப்பு. தலைக்கு மேலே மலாயிலும் அதன்கீழ் தமிழிலும் 'இனிப்புநீரை வென்ற நம் தோட்டத்து நாயகன்' என்று போட்டிருந்தது. இனிப்புநீர் என்பது சர்க்கரை வியாதி.

சிரம்பானிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கிய குமுதவல்லி அதைப் பார்த்ததும் தார்ச் சடக்கின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. துவைப்பதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த புருஷனின் கைலி அதற்குள் இருந்தது. இறுக்கி முடிச்சுப் போட்டும் சீழ் வாடை வெளியே வந்தது. படத்தில் சிரிக்கிற நாயகன் இந்த நேரம் வார்டில் வலது பாதத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, விரலை வெட்ட விடமாட்டேன் என்று நர்சுகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

ஜாகா கொட்டகையிலிருந்த நேப்பாளிக் காவல்காரன் எழுந்து சலாம் வைத்தான். பதாகையைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினான்.

"அங்கிள் பாகுஸ்லா, ஆண்ட்டி!"

அவன்மேல் என்ன தப்பு? கண்ணில் பட்டதைச் சொன்னான். ஆனாலும் குமுதவல்லிக்கு அந்தக் கட்டை விரலைப் பிடித்து முறிக்க வேண்டும் போலிருந்தது. "நாசமாப் போக!" என்று பொதுவாக யாரையோ வைதுவிட்டு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகிற செம்மண் பாதையில் இறங்கினாள்.

அர்ச்சுனன் பழ லோரி ஓட்டுகிறவர். வெட்டி அடுக்கிய செம்பனைக் குலைகளை ஏற்றிப்போய் மில்லில் கொட்டிவிட்டு வருவார். மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் லோரியைச் சறுக்கவிடாமல் மேடு ஏற்ற அந்த வட்டாரத்தில் அவருக்கு நிகர் ஆள் கிடையாது. குமுதவல்லி மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறவள். முள்ளும் தேளும் கையைப் பதம் பார்க்கும் வேலை. பிள்ளைகள் தலையெடுத்து நீலாய் தொழிற்சாலைக்கும் அம்பாங்கான் வீடமைப்புக்கும் போய்விட்டார்கள். குலை வெட்டுகிறவர்கள் எல்லாம் இப்போது இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசிகளும்தான். லயத்தில் மிச்சம் இருக்கிற தமிழர் வீடுகளில் ஒரு கோயில் இருக்கும், ஒரு டிவி இருக்கும், ஒரு இனிப்புநீர்க்காரர் இருப்பார்.

இருக்காமல் என்ன செய்வார்? பொழுது விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடும்போது டின் பால் வழிய வழியக் கலந்த தேத்தண்ணி. பத்து மணிக்குத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். மத்தியானம் மலை மாதிரி வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. மறுபடியும் தேத்தண்ணி. உழைக்கிற உடம்பு கேட்கிறது என்பார்கள். கித்தா என்கிற ரப்பர் மரம் சீவி மைல் கணக்கில் நடந்த காலத்தில் உடம்பு கேட்டது, சரி. லோரியில் உட்கார்ந்து ஓட்டுகிற உடம்பும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

போன வருஷம்தான் இனிப்புநீரைக் குறைக்கிற திட்டம் ஒன்றோடு ஓர் அறவாரியத்துக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள். தலைமையாக வந்தவன் ராய்ஸ்டன். ரஹாங்கில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பிள்ளை. படித்தவன், ஆனால் படித்த திமிர் இல்லாதவன். லயத்தில் யார் வீட்டிலும் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பான். சாயந்திரம் திடலில் உடற்பயிற்சி என்று பாட்டைப் போட்டுப் பெண்களை ஆடவிட்டான். பக்கத்து வீட்டுச் செல்லம்மா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் திடலே சிரித்தது. பாகல் கன்று கொடுத்தான், தவிட்டரிசி கொடுத்தான், தேத்தண்ணிக்குச் சீனி போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். தோட்டத்தில் தனக்குத் துணையாகக் குமுதவல்லியை வைத்துக்கொண்டான். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவருவது அவள் பொறுப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பழம் பொறுக்குகிறவளை ஒரு கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவன் அவன்தான்.

முதல் ரத்தச் சோதனை தீபாவளி கழிந்த வாரம் நடந்தது. முறுக்குத் தகரமும் அதிரசமும் இன்னும் தீரவில்லை. ஆட்டுக்கறி வாசம் லயத்தை விட்டுப் போகவில்லை. விரலைக் குத்திப் பார்த்தால் எல்லாருக்கும் சீனி ஏறிக் கிடந்தது. ராய்ஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாதங்கள் போயின. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். தவிட்டரிசியைக் கோழிக்குப் போட்டார்கள். பாகல் கொடி மட்டும் நன்றாகப் படர்ந்தது. திட்டம் முடிகிற நேரம் நெருங்கியதும் ராய்ஸ்டன் பதறிக்கொண்டு வந்தான்.

"ஆண்ட்டி, கடைசி டெஸ்ட் எடுக்கணும். முதல்ல குத்துன ஆளுங்க எல்லாரும் வரணும். ஆள் குறைஞ்சா ரிப்போர்ட் நிக்காது. எப்ப வந்தா எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க?"

"தீமிதிக்குத்தான் தம்பி. காப்புக் கட்டிட்டா யாரும் தோட்டத்த விட்டு நகர மாட்டாங்க. நீலாய்ல வேல செய்றவங்களும் லீவு போட்டு வந்திருவாங்க. கோயில் மண்டபத்துக்கே வந்திருங்க."

"சூப்பர் ஆண்ட்டி. டேட் போட்டுரலாம்."

அவ்வளவுதான் பேச்சு. காப்புக் கட்டினால் மாரியம்மன் கோயில் விரதம் என்ன என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு வேளைச் சாப்பாடு, உப்பில்லாத பச்சரிசிச் சோறு, மோர், இளநீர். கவிச்சி கிடையாது, எண்ணெய் கிடையாது, தேத்தண்ணி கிடையாது. காலையும் மாலையும் கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு நடை. கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. குமுதவல்லிக்குத் தெரியும், ஆனால் அவளிடம் கேட்டது ஆள் எப்போது கூடும் என்றுதான். கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள். அதை நினைக்கும்போதுதான் இப்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மண்டபத்தில் வரிசையாக உட்கார வைத்து விரலைக் குத்தினார்கள். எல்லாருக்கும் சீனி இறங்கியிருந்தது. கூட வந்த நர்சுப் பெண் நம்பாமல் மிஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அர்ச்சுனனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக இறங்கியிருந்தது. தீபாவளிக்குப் பிறகு இருந்ததில் பாதிகூட இல்லை. ராய்ஸ்டன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"அர்ச்சுனன் அங்கிள்தான் நம்ம சேம்பியன்! அங்கிளோட சீனி இப்ப நார்மல்!"

கைதட்டல் மண்டபக் கூரையைத் தூக்கியது. பூசாரி தங்கராஜு அம்மன் கழுத்தில் கிடந்த மாலையை எடுத்துவந்து அர்ச்சுனன் கழுத்தில் போட்டார். அப்போது எடுத்த படம்தான் பதாகையில் இருப்பது. பாகற்காயை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னவன் ராய்ஸ்டன்.

அர்ச்சுனன் அந்த வருஷம் பால்குடம் எடுப்பதாகத்தான் வேண்டியிருந்தார். மாலை விழுந்ததும் ஆள் மாறிவிட்டார்.

"இத்தன வருசமா கிளினிக்குல மருந்து திங்கிறேன், எறங்கல. ஆத்தா மாலைய போட்டா எறங்கிருச்சு. நான் பூக்குழி எறங்குறேன் பூசாரி."

"காப்புக் கட்டின ஆளுதான? எறங்கு. தடுக்க நான் யாரு?" என்றார் தங்கராஜு.

கிளினிக் மாத்திரையை அர்ச்சுனன் அன்றைக்கே பரணில் தூக்கிப் போட்டார். "நார்மலான ஆளுக்கு என்னாத்துக்கு மருந்து?" என்றார். குமுதவல்லி மறுத்துப் பேசவில்லை. படித்த பிள்ளை மைக்கில் சொல்லிவிட்டான். அதற்கு மேல் என்ன?

தீமிதி அன்று மழை வரும் போலிருந்து வராமல் போனது. குழி கனன்று கிடந்தது. மற்றவர்கள் நாலு எட்டில் ஓடிக் கடந்து அந்தப் பக்கம் பாற்குழியில் போய் விழுந்தார்கள். அர்ச்சுனன் ஓடவில்லை. கோயில் வாசலில் உலாத்துகிறவர் மாதிரி, ஒவ்வொரு காலாக ஊன்றி, கைகூப்பிக்கொண்டு நடந்தார். நடுவில் நின்று அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு. கூட்டம் அலறியது. செல்லம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. குமுதவல்லி அழுதுகொண்டே குலவை போட்டாள்.

"சுடவே இல்ல குமுதா. ஈரத் துணியில நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார் அர்ச்சுனன் வீட்டுக்கு வந்து. இருவரும் பூரித்துப் போனார்கள்.

மறுநாள் காலில் கொப்புளம். அம்மன் காலில் போட்ட முத்திரை என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டால் கொஞ்சம்கூட இல்லை என்பார். விரதம் முடிந்த கையோடு காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு லோரி ஏறிவிட்டார். கறியும் சோறும் டின் பால் தேத்தண்ணியும் பழையபடி நடந்தன. வலிக்காத புண்ணை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒரு நாள் வாசலில் கழற்றிப் போட்ட சப்பாத்தில் நாய் மோந்து மோந்து நின்றது. குமுதவல்லி கையில் எடுத்தாள். செத்த எலி வாடை. காலுறையை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அப்போதும் அவர் மூஞ்சியில் ஒரு சுளிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே குத்தினாள். குமுதவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினாள்.

"இப்ப தொடுறாங்களா? சொல்லுங்க" என்றாள் நர்சு தமிழில்.

"இன்னும் தொடவே இல்லியே" என்றார் அர்ச்சுனன் கண்ணை மூடியபடி.

 நெருப்பு சுடாததற்குக் காரணம் குமுதவல்லிக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. குலவை போட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். விரலில் குத்திப் பார்க்கிற ரத்தம் அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். கையில் ஊசி போட்டு எடுக்கிற சோதனை மூன்று மாத நிலவரத்தைச் சொல்லும். அதில் அர்ச்சுனனுக்குச் சீனி இறங்கவே இல்லை. நரம்பு எப்போதோ செத்துவிட்டது. இப்போதே இரண்டு விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும். தள்ளிப் போட்டால் மேலே ஏறும்.

"ஏறாது" என்றார் அர்ச்சுனன். "எனக்குச் சீனியே கெடையாது. அறவாரியத்துல சொல்லிட்டாங்க. இவங்க மிஷின் ஒண்ணு சொல்லும், அவங்க மிஷின் ஒண்ணு சொல்லுமா? ஆத்தா நடக்க வச்ச காலு இது. வெட்ட விடமாட்டேன்."

"என்னாங்க, அன்னிக்கு நீங்க விரதம்ங்க. பட்டினி கெடந்தா யாருக்கும்தான் சீனி எறங்கும்."

"ஆத்தா மேல பழி போடாத குமுதா. வாய் அழுகிரும்."

"உங்க காலு அழுகுதுங்க!"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடாமல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

இப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை சண்டை போட்டுவிட்டு வந்தவளைத்தான் முச்சந்தியில் பதாகை சிரித்து வரவேற்றது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. கைலியைத் துவைத்துப் போட்டாள். காலையில் பழம் பொறுக்கப் போகாமல் நேரே பஸ் ஏறினாள். யார் வாயால் கேட்டு அவர் நெருப்பில் இறங்கினாரோ, அந்த வாயே வந்து மாற்றிச் சொன்னால்தான் நம்புவார். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அறவாரியத்தின் ஆபீஸ் ரஹாங்கில் ஒரு கடைவீட்டு மாடி. படியேறிப் போனால் குளிர்சாதனக் காற்று மூஞ்சியில் அடித்தது. சுவரெங்கும் அர்ச்சுனன். மேசை மேலே அர்ச்சுனன் படம் போட்ட அழைப்பிதழ் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ராய்ஸ்டன் எழுந்து ஓடிவந்தான்.

"ஆண்ட்டி! வாங்க வாங்க. நானே கோல் பண்ணணும்னு இருந்தேன். சனிக்கெழம நிறைவு விழா. டத்தோ பட்டம் வாங்குனவரு ஒருத்தர் வராரு. அங்கிள் மேடையில ரெண்டு வார்த்த பேசணும்."

"அங்கிள் ஆஸ்பத்திரில கெடக்காரு தம்பி."

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. உண்மையாகவே வருத்தப்பட்டான். அதை அவள் பார்த்தாள். பிறகு அவன் மெல்ல உட்கார்ந்து பேனாவை உருட்ட ஆரம்பித்தான்.

"ரொம்ப சோரி ஆண்ட்டி. ஜீசஸ்! ஆனா டாக்டர் சொல்றத அங்கிள் கேக்கணும்லா."

"கேக்க மாட்டேங்கிறாரு. நீ மைக்குல சொன்னததான் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீ வா. இப்பவே வா. 'அங்கிள், அது விரத நம்பரு, அத நம்பாதீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லு. கையெழுத்துப் போட்டுருவாரு."

"நம்பர் தப்பு இல்ல ஆண்ட்டி. அன்னிக்கு ரத்தத்துல இருந்தது அதான்."

"தீவாளி பலகாரம் தின்ன வயித்துல ஒரு தடவ குத்துன. பட்டினி கெடந்த வயித்துல ஒரு தடவ குத்துன. நடுவுல எறங்கிருச்சுன்னு மாலை போட்ட. இதுல எது தம்பி சரி?"

ராய்ஸ்டன் கதவைப் பார்த்தான். எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தான்.

"மெதுவா பேசுங்க ஆண்ட்டி. எனக்கும் அப்புறம்தான் தோணுச்சு. மேலதிகாரிங்ககிட்ட சொன்னேன். இது கம்யூனிட்டி, லெபோரட்ரி இல்ல, எல்லாத்தையும் கண்ட்ரோல் பண்ண முடியாதுன்னாங்க. ரிப்போர்ட் போயிருச்சு. இதே திட்டத்த நெகிரி மாநிலம் முழுக்க மத்த தோட்டத்துக்கும் கொண்டு போறாங்க. நல்லதுதான நடக்கப் போவுது? இப்ப போயி நான் இத தப்புன்னு சொன்னா எல்லாமே நின்னுரும்."

"உன் திட்டம் நடக்கட்டும், எங்கயாவது போகட்டும். நான் அத நிறுத்தவா வந்தேன்? என் புருஷன்கிட்ட வந்து சொல்லுன்னுதான கேக்குறேன்? மேடையில சொல்ல வேணாம், டத்தோகிட்ட சொல்ல வேணாம். கட்டில் பக்கத்துல நின்னு காதுல சொல்லு!"

"அது... ஆஸ்பத்திரி விசயத்துல நாங்க தலையிடக் கூடாது ஆண்ட்டி. ரூல்ஸ் இருக்கு. அங்கிளுக்குக் காயம் பட்டது எங்க திட்டம் முடிஞ்ச பெறகு. அது எங்க கணக்குல வராது."

"உங்க கணக்குல வராதா?" குமுதவல்லி எழுந்துவிட்டாள். இவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "சீனி எறங்குனா உங்க கணக்கு. காலு அழுகுனா எங்க கணக்கா? மாலை போடறப்ப மட்டும் அவரு உங்க ஆளு! வீடு வீடா போயி ஆள் கூட்டி வந்தேனே, எல்லாரையும் உன் முன்னால கொண்டாந்து உக்கார வச்சேனே, சாப்பிட்டீங்களான்னு ஒருத்தர ஒரு வார்த்த கேட்டியா நீ? விருந்தாடியா ஒருத்தன் வீட்டுக்கு வந்தாகூட முதல்ல அததானடா கேப்போம்!"

பக்கத்து அறைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ராய்ஸ்டனுக்குக் கண் கலங்கியது. கலங்கினால் என்ன? கலங்கின கண்ணோடும் அவன் சொன்னது இதுதான்:

"சனிக்கெழம முடியட்டும் ஆண்ட்டி. மறுநாளே வரேன். ப்ரோமிஸ்."

"சனிக்கெழமைக்கு விழா இருக்குன்னு அந்தப் புண்ணுக்குத் தெரியுமா?"

 அவள் ஒரு அழைப்பிதழ்க் கட்டை எடுத்துத் தரையில் வீசிவிட்டுப் படியிறங்கினாள். புருஷன் முகம் படியெல்லாம் சிதறியது. மிதிக்காமல் இறங்க முடியவில்லை.

விழா நன்றாக நடந்ததாகச் செல்லம்மா வந்து சொன்னாள். பிரியாணி போட்டார்களாம். அர்ச்சுனனின் வீடியோவைப் பெரிய திரையில் காட்டினார்களாம். அவருக்கு உடம்பு சரியில்லாததால் வர முடியவில்லை என்று மைக்கில் சொன்னபோது எல்லாரும் பாவம் என்று கைதட்டினார்களாம். எதற்குக் கைதட்டினார்கள் என்று செல்லம்மாவுக்கும் தெரியவில்லை.

சொன்னபடி ராய்ஸ்டன் மறுநாள் வந்தான். பிஸ்கட் டின்னும் மைலோவும் பழச்சாறும் வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றிய கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இனிப்புநீர்க்காரனுக்குப் பழச்சாறு! அதற்குள் காலில் அழுகலின் கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. வார்டில் அந்தக் கட்டிலைச் சுற்றி யாரும் நிற்பதில்லை, வாடை அப்படி. அவன் மூக்கைப் பொத்தவில்லை. அது ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டிலருகே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். விரதம், தீபாவளி, மூன்று மாதச் சோதனை, எல்லாம்.

அர்ச்சுனன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி,

"இத நீ எப்ப தெரிஞ்சிக்கிட்ட?" என்றார்.

"கொஞ்ச நாள் ஆச்சு அங்கிள்."

"அப்ப நான் நெருப்புல எறங்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால அங்கிள். சத்தியமா பின்னால."

"சரி. என் காலுல ரெண்டு வெரலோட போயிருக்கும்னு குமுதா வந்து சொன்னாளே, அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

ராய்ஸ்டன் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"போ தம்பி. கூடைய எடுத்துக்கிட்டுப் போ" என்றார் அர்ச்சுனன். பிறகு குமுதவல்லியைப் பார்த்தார். "டாக்டர கூப்புடு."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

லோரி வேறு ஆளுக்குப் போய்விட்டது. அந்த ஆள் மேட்டில் கியர் மாற்றத் திணறுவது லயம் வரைக்கும் கேட்கும். அர்ச்சுனன் வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரெண்டாவதுல போடுறா, ரெண்டாவதுல!" என்று தனக்குள்ளேயே கத்துவார். கோயில் பக்கம் போவதில்லை. அம்மன்மேல் கோபமா என்று தங்கராஜு பூசாரி கேட்டதற்கு, "அவ என்னா மைக்குலயா சொன்னா?" என்றார். குமுதவல்லி பழம் பொறுக்கிவிட்டு வந்து அவரைக் குளிப்பாட்டுவாள். தூக்கி உட்கார வைக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிடிப்பு விடும்வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சில நாள் அவளுக்கு அழுகை வரும். பெரும்பாலும் ஆத்திரம்தான் வரும். சோறு பொங்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் போகும்போதும் வரும். யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஆத்திரம்.

ஒரு மத்தியானம், மழைக்கு முன்னால் புழுக்கமாக இருந்த நேரம், ராய்ஸ்டனின் கார் லயத்து முன்னால் வந்து நின்றது. கையில் டேப்லெட்டும் எடை பார்க்கிற மிஷினும் வைத்திருந்தான். மெலிந்திருந்தான்.

"எதுக்கு வந்த?" என்றாள் குமுதவல்லி.

"ஒரு வருச ஃபோலோ-அப் ஆண்ட்டி. வேற ஆள் அனுப்புறேன்னாங்க. இந்த வீட்டுக்கு நானே போறேன்னு சொன்னேன். எல்லாரையும் எடுத்தாகணும். விட்டா, நடுவுல காணாம போனவங்கன்னு போட்டுருவாங்க. அங்கிள் காணாம போயிறக் கூடாது ஆண்ட்டி. இந்தத் தடவ கையில ஊசி போட்டு எடுக்கிற ரத்தம்தான். சண்ட போட்டு வாங்கியிருக்கேன்."

"வரட்டும் குமுதா" என்றார் அர்ச்சுனன். "நான் ஒண்ணும் காணாம போகல. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

ரத்தம் எடுத்து முடித்தான். எடை மிஷினைச் சிமெண்டுத் தரையில் வைத்தான். குமுதவல்லி புருஷனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி அதன்மேல் நிறுத்தினாள். அவர் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராய்ஸ்டன் தயங்கினான். சொல்லாமல் இருக்கப் பார்த்தான். கடைசியில் சொல்லிவிட்டான்.

"ஆண்ட்டி... பிடிக்காம இருந்தாத்தான் எடை சரியா வரும்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னால் போனான். "விடு குமுதா" என்றார் அர்ச்சுனன். அவள் கையை எடுத்தாள். அறுபதை நெருங்குகிற மனுஷன் ஒற்றைக் காலில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றார். கால் நடுங்கியது. எண் ஓடி ஓடி நிற்கிற வரைக்கும் நின்றார். நின்றதும் சாய்ந்தவரை அவள் தாங்கிக்கொண்டாள்.

ராய்ஸ்டன் எண்ணைத் தட்டினான். டேப்லெட் பச்சையாக மாறியது. கொட்டு மேளம் மாதிரி ஒரு சின்னச் சத்தம். 'தஹ்னியா!' என்று பெரிய எழுத்தில் வந்தது. வாழ்த்துகள், உங்கள் எடை குறைந்திருக்கிறது. அவன் அவசரமாக அதை மார்போடு சேர்த்து மறைத்தான். மூன்று பேருக்கும் கேட்டுவிட்டது.

"அடுத்த கேள்வி என்னா?" என்றாள் குமுதவல்லி.

"வேணாம் ஆண்ட்டி."

"கேளு."

அவன் டேப்லெட்டை மார்பிலிருந்து எடுத்து வாசித்தான். "எடை கொறைஞ்சதுக்கு என்ன காரணம்னு கேக்குது. மூணு இருக்கு. உணவுக் கட்டுப்பாடு. உடற்பயிற்சி. ரெண்டும்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்ல ஆண்ட்டி. இதுல ஒண்ண அழுத்தாம அடுத்த பக்கம் போகாது."

குமுதவல்லி அர்ச்சுனனை நாற்காலியில் உட்கார வைத்தாள். மடங்கிக் கிடந்த கைலியை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடினாள். நிமிர்ந்தாள். அன்று மாடியில் கத்தினாளே, அந்தச் சத்தம் இல்லை.

"உடற்பயிற்சின்னு போடு" என்றாள். "நெருப்புல நடந்தாருல்ல."

ராய்ஸ்டன் டேப்லெட்டைப் பார்த்தபடி நின்றான். அர்ச்சுனனும் அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை செம்பனை ஓலைகளில் இரைந்து வந்து லயத்துத் தகரத்தில் இறங்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அழுத்தினான்.